சுறாவைக் கண்டால், சுறா கடித்தால்: திருகோணமலைக் கடலில் இறங்குபவர்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

போன ஆவணியில் உறவுக்காரர் சிலரைப் புறாத்தீவுக்குக் கூட்டிப் போயிருந்தேன். தண்ணீர் இடுப்பளவுதான். பிள்ளைகள் கண்ணாடி போட்டுக்கொண்டு முகத்தைத் தண்ணீருக்குள் வைத்து மீன் பார்த்துக்கொண்டிருந்தார்கள். திடீரென்று ஒரு பையன் எழுந்து நின்று "சுறா! சுறா!" என்று கத்தினான். அவ்வளவுதான். இருபது பேர் ஒரே நேரத்தில் கரையைப் பார்த்து ஓடினார்கள். பவளப் பாறைக்கு மேலே வெறுங்காலோடு ஓடினார்கள். கரைக்கு வந்த பிறகு பார்த்தால் நான்கு பேருக்குக் காலில் வெட்டு. ஒரு அக்காவுக்கு மூக்கிலும் வாயிலும் உப்புத் தண்ணீர் ஏறி மூச்சு வாங்கியது. சுறாவோ முதல் சத்தத்திலேயே ஆழத்துக்குப் போய்விட்டது.

அன்றைக்கு ஓடியவர்களைக் குறை சொல்ல மனம் வரவில்லை. என்ன செய்ய வேண்டும் என்று யாரும் அவர்களுக்குச் சொல்லிக் கொடுக்கவில்லை, படகில் ஏற்றிய நானும் சொல்லவில்லை. சுறா கடிக்கும் வாய்ப்பு மிக மிகக் குறைவு. ஆனால் கடித்துவிட்டால், ஆள் பிழைப்பது பக்கத்தில் நிற்பவர்களின் கையில்தான் இருக்கிறது. ஆகவே நீந்தத் தெரியாமல் கரையில் துவாயோடு உட்கார்ந்திருப்பவர்களும் இதைப் படிக்க வேண்டும்.

எங்கள் கடலில் இருப்பது எந்தச் சுறா?

நிலாவெளிக் கரையிலிருந்து சுமார் ஒரு கிலோமீற்றர் தூரத்தில் இருக்கிறது புறாத்தீவு. மாடப்புறாக்கள் அடைவதால் அந்தப் பெயர். 1963இல் சரணாலயமாகவும் 2003இல் தேசியப் பூங்காவாகவும் அறிவிக்கப்பட்டது. அங்கே நீங்கள் பார்க்கும் சுறா பெரும்பாலும் ஒரே வகைதான்: செட்டைகளின் நுனி மையில் தோய்த்ததுபோலக் கறுத்திருக்கும் பவளப்பாறைச் சுறா. ஐந்தடிக்குள்தான் இருக்கும். முழங்கால் அளவு தண்ணீரில்கூட முதுகுச் செட்டை வெளியே தெரிய நீந்தும், அதனால்தான் பார்த்தவுடன் நெஞ்சு அடிக்கிறது. சின்ன மீன், கணவாய், இறால் வகைகள்தான் அதன் இரை. மனிதரைக் கண்டால் விலகிப் போகும். அரிதாகக் கடித்தாலும், கலங்கிய ஆழமற்ற தண்ணீரில் நடப்பவரின் காலை மீன் என்று நினைத்துக் கடித்துவிட்டு விட்டுவிடும்.

உலகில் 500க்கும் மேற்பட்ட சுறா இனங்கள் உள்ளன. உயிருக்கு ஆபத்தான கடிகளில் பெரும்பங்கு மூன்றினுடையது: வெள்ளைச் சுறா, புலிச்சுறா, காளைச்சுறா. நாங்கள் மனதில் வைக்க வேண்டியவை பின்னைய இரண்டும்தான். புலிச்சுறா வெப்பமான கடல்களில் திரியும், எதையும் விழுங்கிப் பார்க்கும். காளைச்சுறா நன்னீரிலும் வாழக்கூடியது, ஆற்று முகத்துவாரத்தையும் கலங்கல் தண்ணீரையும் விரும்பும். மகாவலி கடலில் கலக்கும் கொட்டியாரக்குடாவை நினைத்துக்கொள்ளுங்கள். மாரி மழையில் மூதூர்ப் பக்கம் கடல் செந்நிறமாகக் கலங்கிக் கிடக்கும்போது அங்கே நீந்த வேண்டாம். அப்படிச் சொல்வதற்கு முதற்காரணம் சுறாகூட இல்லை. வெள்ளமும் நீரோட்டமும் முதலையும்தான். ஆனால் சுறாவும் ஒரு காரணம்.

பயத்துக்கு ஓர் அளவு

சுறாக்கடிகளைப் பதிவு செய்யும் பன்னாட்டுப் பதிவேடு ஒன்று அமெரிக்காவின் புளோரிடா அருங்காட்சியகத்தில் பேணப்படுகிறது. மனிதர் சீண்டாமல் சுறா தானாகக் கடித்தவை 2023இல் உலகம் முழுவதும் 69, அவற்றில் இறந்தவர்கள் 10 பேர். 2024இல் 47 கடிகள், 4 இறப்புகள். இது எட்டு நூறு கோடி மனிதர் வாழும் முழு உலகத்தின் கணக்கு. இலங்கையில் மட்டும் ஆண்டுதோறும் நூற்றுக்கணக்கானோர் தண்ணீரில் மூழ்கி இறக்கிறார்கள். ஆகவே உங்கள் பிள்ளையைக் கடலுக்குக் கூட்டிப்போகும்போது நூறு பங்கு கவனத்தில் தொண்ணூற்றொன்பது பங்கை நீரோட்டத்துக்கும் லைஃப் ஜக்கெட்டுக்கும் கொடுங்கள். மிச்சமுள்ள ஒரு பங்குதான் சுறாவுக்கு. அந்த ஒரு பங்கைச் சரியாகச் செலவழிக்கத்தான் இந்த வழிகாட்டி.

படி 1: இறங்குவதற்கு முன்

நேரத்தைப் பாருங்கள். விடியற்காலை, அந்தி, இரவு ஆகிய வேளைகளில் சுறாக்கள் இரை தேடும், வெளிச்சம் குறைவாக இருப்பதால் உங்கள் காலுக்கும் மீனுக்கும் வித்தியாசம் தெரியாது. காலை எட்டு மணிக்குப் பிறகு இறங்குங்கள், நான்கு மணிக்குள் ஏறுங்கள். வைகாசி தொடக்கம் புரட்டாதி வரை எங்கள் பக்கக் கடல் தெளிந்திருக்கும். ஐப்பசி, கார்த்திகையில் வாடை தொடங்கினால் கடல் கலங்கும், அலையும் உயரும். அந்தக் காலத்தில் விருந்தினர் வந்தால் கோணேஸ்வரத்துக்கும் கன்னியா வெந்நீர் ஊற்றுக்கும் கூட்டிப் போங்கள்.

ஆடி அமாவாசைக்கு விடியற்காலையில் தீர்த்தமாடுபவர்கள் இதைப் படித்துப் பயப்பட வேண்டாம். கூட்டமாக, இடுப்பளவு தண்ணீரில், கரையோரமாக முழுகி எழும்புவதில் சுறாவால் ஆபத்து இல்லை என்றே சொல்லலாம். வயதானவர்களின் கையை விடாமல் பிடித்திருந்தால் போதும்.

இடத்தைப் பாருங்கள். மீன் வெட்டிக் கழுவும் இடம், கரைவலை இழுக்கும் இடம், படகுகள் வந்து மீன் இறக்கும் இடம், இந்த மூன்றுக்கும் பக்கத்தில் குளிக்கக் கூடாது. மீன்குடலும் இரத்தமும் கலந்த தண்ணீருக்குச் சுறா வருவது இயற்கை. கடற்பறவைகள் ஓரிடத்தில் கூட்டமாக விழுந்து விழுந்து எழும்பினால் கீழே மீன்கூட்டம் இருக்கிறது, அதைத் துரத்தி வந்த பெரிய மீனும் இருக்கும்.

நகையைக் கழற்றுங்கள். வெயிலில் மின்னும் காப்பும் கொலுசும் தண்ணீருக்குள் மீன் செதிள்போலத் தெரியும். தாலிக்கொடியைக் கழற்ற மனமில்லாதவர்கள் கழுத்துவரை மூடும் உடுப்புக்குள் விட்டுக்கொள்ளலாம்.

பெண்கள் தயங்கித் தயங்கிக் கேட்கும் கேள்வி ஒன்று: மாதவிடாய் நாளில் கடலில் இறங்கினால் சுறா வருமா? அதனால் ஆபத்து கூடுகிறது என்பதற்குச் சான்று இல்லை. உடம்புக்கு முடியுமென்றால் இறங்குங்கள். ஆறாத வெட்டுக்காயம் இருந்தால் மட்டும் இறங்காதீர்கள், அது பெரும்பாலும் கிருமித் தொற்றுக்காகச் சொல்வது.

கடைசியாக, தனியாகப் போகக் கூடாது. சுறா தனித்திருப்பவரை நெருங்கத் துணிவது ஒரு காரணம். தனியாக இருப்பவருக்கு ஏதாவது நடந்தால் இழுத்துவர ஆள் இல்லாதது அதைவிடப் பெரிய காரணம்.

படி 2: சுறாவைக் கண்டவுடன்

கத்தாதீர்கள். கையைத் தூக்கிப் பக்கத்திலிருப்பவருக்குக் காட்டுங்கள். கைகால் அடித்துத் தண்ணீரைக் கலக்குவது, அடிபட்ட மீன் துடிப்பதுபோலச் சுறாவுக்குக் கேட்கும். தண்ணீரின் அதிர்வை உடம்பின் இருபக்கமும் உள்ள கோடுகளாலும், இரையின் மெல்லிய மின்துடிப்பை மூக்கின் நுண்துளைகளாலும் உணரும் பிராணி அது. நீங்கள் அமைதியாக இருந்தால் அதற்கு உங்களிடம் வேலை இல்லை.

பவளப் பாறைமேல் எழுந்து நிற்காதீர்கள். காலும் வெட்டுப்படும், பல ஆண்டுகள் வளர்ந்த பவளமும் உடையும். மிதந்தபடியே சுறாவின் பக்கம் முகத்தைத் திருப்பி, அது எங்கே போகிறது என்று பார்த்துக்கொண்டு இருங்கள். சின்னக் கறுப்புநுனிச் சுறா என்றால் பத்து வினாடியில் போய்விடும். அந்தப் பத்து வினாடியை ரசிக்கலாம், உண்மையிலேயே அழகான மீன். துரத்தவோ, வாலைப் பிடிக்கவோ, படம் எடுக்க வழியை மறிக்கவோ வேண்டாம். கற்குகைக்குள் அதை மடக்கி வைத்துக்கொண்டு நிற்பவர்களைப் பார்த்திருக்கிறேன். வெளியேறும் வழி இல்லாத எந்த உயிரும் கடிக்கும். இரை போட்டுக் கூப்பிடுவது அதைவிட மோசம், மனிதரைக் கண்டால் சாப்பாடு என்று பழக்கிவிடுவீர்கள். நாளைக்கு அதே இடத்தில் வேறு யாரோ ஒருவரின் பிள்ளை நீந்தும்.

படி 3: அது விலகாமல் நெருங்கினால்

பெரிய சுறா, ஆளை விட நீளமானது, வட்டமிடத் தொடங்கினால் நிலைமை வேறு. முதுகை வளைத்து, பக்கச் செட்டைகளைக் கீழே இறக்கி, வெட்டி வெட்டித் திரும்பி நீந்தினால் அது எச்சரிக்கிறது என்று பொருள். வட்டம் சுருங்கிக்கொண்டே வந்தால் ஏறும் நேரம் வந்துவிட்டது.

முதுகைக் காட்டாதீர்கள். உடம்பை நிமிர்த்தி, சுறாவை நேருக்கு நேர் பார்த்தபடி, காலிலுள்ள ஃபின்ஸை மெதுவாக அசைத்துப் பின்பக்கமாகக் கரைக்கோ படகுக்கோ நகருங்கள். இரண்டு பேர் இருந்தால் முதுகோடு முதுகு சேர்த்து நில்லுங்கள், அப்போது எந்தப் பக்கமும் கண் இருக்கும். பிள்ளை இருந்தால் நடுவில். பாறை பக்கத்தில் இருந்தால் முதுகைப் பாறையோடு வையுங்கள். கையில் கமராவோ, ஸ்நோர்கல் குழாயோ, கழற்றிய ஃபின்ஸோ எது இருந்தாலும் உங்களுக்கும் அதற்கும் நடுவில் பிடியுங்கள்.

படகில் இருப்பவர்கள் செய்ய வேண்டியது: இயந்திரத்தைச் சீறவிடாமல் மெதுவாக ஆட்களிடம் படகைக் கொண்டுபோவது, கிட்டப் போனதும் இயந்திரத்தை நிறுத்துவது, ஒவ்வொருவராக ஏற்றுவது. பதற்றத்தில் சுற்றும் விசிறி ஆட்களின் காலை வெட்டிவிடும்.

அது பாய்ந்து வந்தேவிட்டால் செத்தவர்போல மிதப்பது பயன் தராது. திருப்பி அடிக்க வேண்டும். கண்ணும், தலைக்குப் பின்னால் இருக்கும் பூக்களும்தான் (பூ என்பது மீன் மூச்சுவிடும் செவுள், எங்கள் பக்கம் அப்படித்தான் சொல்வோம்) அதன் மென்மையான இடங்கள். மூக்கில் குத்து என்று பலர் சொல்வார்கள். கையில் பொருள் இருந்தால் மூக்கில் குத்தலாம். வெறுங்கையால் குத்தினால் கை வாய்க்குள் போய்விடும் என்பதை நினைவில் வையுங்கள். பிடித்துவிட்டால் இழுத்துப் பறிக்க முயலாமல், கண்ணையும் பூவையும் விடாமல் தாக்குங்கள். சதையை இழுத்தால் காயம் இன்னும் கிழியும். பல நேரம் முதல் கடியோடு அதுவே விட்டுவிட்டுப் போகும்.

படி 4: கடித்துவிட்டால், முதல் பத்து நிமிடம்

சுறாக்கடியில் இறப்பவர்களில் பெரும்பாலோர் இரத்தம் போய்த்தான் இறக்கிறார்கள். தொடையின் பெரிய நாடி அறுந்தால் மூன்று நான்கு நிமிடத்தில் உயிர் போகலாம். நிலாவெளியிலிருந்து திருகோணமலைப் பொது மருத்துவமனை ஏறத்தாழ பதினைந்து கிலோமீற்றர். அதற்கு முன்னால் தீவிலிருந்து கரைக்குப் படகோட்டம். ஆகவே வைத்தியர் வரும்வரை காத்திருக்க முடியாது. இரத்தத்தை நிறுத்துவது அந்த இடத்தில் நிற்பவரின் வேலை.

தண்ணீருக்குள் இருக்கும்போதே, ஆளை இழுத்து வருபவர் ஒரு கையால் காயத்தை இறுக்கிப் பொத்திக்கொண்டு வரலாம். படகோ மணலோ, எது கிட்டவோ அங்கே ஏற்றிப் படுக்க வையுங்கள். மேலே தூக்கிக்கொண்டு ஓடித் திரியாதீர்கள்.

உடனே ஒருவர் 1990க்கு அழைக்க வேண்டும். சுவசெரிய அம்புலன்ஸ் இலவசம். "யாராவது கோல் பண்ணுங்கோ" என்று கூட்டத்தைப் பார்த்துச் சொன்னால் ஒருவரும் எடுக்கமாட்டார்கள். ஒருவரைக் கையால் காட்டி, "தம்பி, நீங்கள் 1990 அடியுங்கோ" என்று சொல்லுங்கள். தீவில் நடந்தால், படகு கிளம்புவதற்கு முன்பே அழையுங்கள். அப்போதுதான் நீங்கள் கரை சேரும் நேரத்துக்கு வண்டி வீதியில் நிற்கும். எந்தக் கரைக்கு வருகிறீர்கள், பக்கத்தில் எந்த ஹோட்டல் என்று அடையாளம் சொல்லுங்கள்.

அந்த நேரத்தில் மற்றவர் காயத்தைப் பார்க்க வேண்டும். சுத்தமான துணி இருந்தால் நல்லது. இல்லாவிட்டால் கிடைத்த துவாய், சேர்ட், சாரம் எதுவும் சரி. காயத்தின்மேல் வைத்து, முழங்கையை மடக்காமல், உடம்புப் பாரத்தை முழுவதும் போட்டு அழுத்துங்கள். துணி நனைந்தால் எடுத்துப் பார்க்காதீர்கள், அதற்கு மேலேயே இன்னொரு துணியை வைத்து அழுத்துங்கள். எடுத்து எடுத்துப் பார்ப்பதுதான் எங்கள் ஆட்கள் செய்யும் பெரிய பிழை. உறையத் தொடங்கிய இரத்தம் ஒவ்வொரு முறையும் பிய்ந்துவிடும்.

கையிலோ காலிலோ இரத்தம் பீறிட்டு அடித்தால், அழுத்தியும் நிற்காவிட்டால், இறுக்குக்கட்டுப் போட வேண்டும். இதை ஆறுதலாகப் படித்து மனதில் பதியுங்கள்.

சாரத்தையோ சேலையையோ கிழித்து, நான்கைந்து சென்றிமீற்றர் அகலமான பட்டியாக மடியுங்கள். காயத்துக்கு ஐந்து முதல் ஏழு சென்றிமீற்றர் மேலே, அதாவது காயத்துக்கும் நெஞ்சுக்கும் இடையில், ஒரு சுற்றுச் சுற்றி முடிச்சுப் போடுங்கள். முழங்கால் மூட்டிலோ முழங்கை மூட்டிலோ கட்டு விழக் கூடாது, மூட்டு வந்தால் அதற்கு மேலே கட்டுங்கள். முடிச்சின்மேல் உறுதியான தடி ஒன்றை வைத்து இன்னொரு முடிச்சு. பிறகு தடியைத் திருகுங்கள். இரத்தம் நிற்கும்வரை திருகுங்கள். காயம்பட்டவர் வலியில் கத்துவார், "விடுங்கோ அண்ணா" என்று கெஞ்சுவார். விடக் கூடாது. வலிக்காத இறுக்குக்கட்டு வேலை செய்யாத கட்டு. இரத்தம் நின்றதும் தடி அவிழாமல் கட்டி, கட்டிய நேரத்தை எழுதுங்கள். பேனை இல்லையென்றால் லிப்ஸ்டிக்காலோ குங்குமத்தாலோ நெற்றியில் எழுதலாம். அதன் பிறகு மருத்துவமனை வரை யாரும் தளர்த்தக் கூடாது. "கால் செத்துப்போகும், கொஞ்சம் தளர்த்துங்கோ" என்று ஒரு பெரியவர் கட்டாயம் சொல்வார். மரியாதையாக மறுத்துவிடுங்கள். இரண்டு மணிநேரத்துக்குள் மருத்துவமனை சேர்ந்தால் பொதுவாகக் காலுக்குக் கேடு வராது, தளர்த்தினால் உயிருக்குக் கேடு.

தங்கூசி (தூண்டில் கட்டும் நைலோன் இழை), நைலோன் கயிறு, மெல்லிய வலைக்கயிறு ஆகியவற்றால் கட்டாதீர்கள். அவை சதையை அறுக்கும், நாடியை அடைக்காது.

கவட்டிலோ அக்குளிலோ கடி என்றால் கட்டுப்போட இடமில்லை. துணியைக் காயத்துக்குள்ளேயே விரலால் அடைத்து நிரப்பி, மேலே பாரம் போட்டு அழுத்துங்கள். அருவருப்பாக இருக்கும். செய்ய வேண்டியதுதான்.

கோப்பித்தூள், மஞ்சள், சாராயம் எதுவும் காயத்தில் போடக் கூடாது. குடிக்கத் தண்ணீரோ தேநீரோ கொடுக்கக் கூடாது, மருத்துவமனையில் உடனே சத்திரசிகிச்சை செய்ய வேண்டி வரலாம். வெயிலாக இருந்தாலும் துவாயால் போர்த்துங்கள். இரத்தம் இழந்த உடம்பு குளிர்ந்தால் இரத்தம் உறையாது. தலைமாட்டில் ஒருவர் உட்கார்ந்து, கையைப் பிடித்து, பேர் சொல்லிப் பேசிக்கொண்டே இருங்கள்.

கடி சின்னதாக, பல் தடம் மட்டும் பதிந்திருந்தாலும் அன்றைக்கே வைத்தியரிடம் போக வேண்டும். சுறாவின் வாயிலும் கடல் தண்ணீரிலும் உள்ள கிருமிகள் இரண்டு நாளில் காலை வீங்க வைத்துவிடும். ஏற்பு ஊசியும் போட வேண்டும். உடைந்த பல் உள்ளே இருக்கிறதா என்று எக்ஸ்றே எடுத்துத்தான் சொல்ல முடியும்.

தொழிலுக்குப் போகிறவர்களுக்கு

உண்மையில் சுறாவோடு தினமும் பக்கத்தில் இருப்பவர்கள் உல்லாசப் பயணிகள் இல்லை. திருக்கடலூரிலும் சல்லியிலும் இறக்கக்கண்டியிலும் குச்சவெளியிலும் இருந்து தொழிலுக்குப் போகும் எங்கள் ஆட்கள்தான். அவர்களுக்கு வரும் கடி தண்ணீருக்குள் வருவது குறைவு. படகுக்குள் வருகிறது.

18 அடி ஃபைபர் படகுக்குள் உயிருள்ள சுறாவை இழுத்துப் போட்டால் ஓடி ஒதுங்க இடமில்லை. வாலால் ஒரு அடி, தோலின் அரம் உரசி ஒரு சிராய்ப்பு, அப்புறம்தான் பல். வலையில் மாட்டியது பெரிய சுறா என்றால் படகுக்கு வெளியிலேயே வைத்து, தங்கூசியையோ வலைக் கண்ணையோ நீளமான தடிக்கத்தியால் அறுத்து விடுவதே நல்லது. வலை போனால் தைக்கலாம். செத்துவிட்டது என்று நம்பி வாய்க்குள்ளிருந்து தூண்டிலைக் கையால் எடுக்காதீர்கள். செத்து நெடுநேரமான சுறாவின் தாடையும் தொட்டால் மூடும். விடுவிக்க வேண்டிய கட்டாயம் உள்ள சுறாக்களும் இருக்கின்றன: வால் உடம்பளவு நீண்ட திரெஷர் சுறாக்களைப் பிடிப்பது 2012 முதலும், அம்மணிச் சுறா என்ற பெரிய புள்ளிச்சுறாவையும் ஆழ்கடல் வெள்ளைநுனிச் சுறாவையும் பிடிப்பது 2015 முதலும் இலங்கையில் தடை.

சங்கு குளிப்பவர்களும் கடலட்டைக்கு இறங்குபவர்களும் பிடித்த மீனை இடுப்பில் கட்டிக்கொண்டு நீந்தக் கூடாது. நீளக் கயிற்றில் மிதவையோடு தள்ளிக் கட்டுங்கள், சுறா வந்தால் கயிற்றை விட்டுவிடுங்கள். முத்துக்குளிப்பு நடந்த காலத்தில் மன்னார்ப் பக்கம் கடல்கட்டிகள் என்று ஒரு சாரார் இருந்தார்கள். அவர்கள் மந்திரம் சொல்லிச் சுறாவின் வாயைக் கட்டினால்தான் குளிகாரர் கடலில் இறங்குவார்கள், ஆங்கிலேய அரசே அவர்களுக்குக் கூலி கொடுத்தது. மந்திரம் சுறாவைக் கட்டியதோ என்னவோ, குளிகாரரின் பதற்றத்தைக் கட்டியது. பதறாதவன் கைகால் அடிக்கமாட்டான்.

சுறா என்று நினைப்பவை

காலில் சுரீரென்று வலித்தால் எல்லோரும் முதலில் சுறா என்கிறார்கள். பெரும்பாலும் சொறிமுட்டையாகவோ (ஜெல்லி மீன்), மணலில் புதைந்திருந்த திருக்கையாகவோ, கடல் முள்ளியாகவோ இருக்கும். திருக்கை முள் குத்தினால் தாங்கக்கூடிய சூட்டில், ஏறத்தாழ 45 பாகை வெந்நீரில், அரை மணி முதல் ஒன்றரை மணிநேரம் காலை வைத்திருந்தால் வலி இறங்கும். முள் ஆழமாக ஏறியிருந்தால் இழுக்காமல் மருத்துவமனைக்குப் போங்கள். ஆழமற்ற மணலில் காலைத் தூக்கி வைக்காமல் உரசி உரசி நடந்தால் திருக்கை தானாக எழும்பிப் போகும்.

பாறையில் பெரிய கிளாத்தி மீன் ஒன்று குட்டைப் பல்லைக் காட்டிக்கொண்டு வந்து மோதினால் அதன் முட்டைக் குழி கீழே இருக்கிறது. அதன் காவல் எல்லை மேல்நோக்கி விரியும், ஆகவே மேலே போகாமல் பக்கவாட்டில் விலகுங்கள்.

படகுப் பை

அந்த ஆவணிக்குப் பிறகு நான் தீவுக்குப் போகும்போது ஒரு பை கொண்டு போகிறேன். மூன்று அகலப் பன்டேஜ், இரண்டு பழைய சாரம், ஒரு சாண் நீளமான நாவல் தடி, கத்தரி, நனையாத உறையில் கைப்பேசி, ஒரு தடித்த போர்வை, பேனை. மொத்தம் ஒன்றரைக் கிலோ வராது. கிளம்புவதற்கு முதல்நாள் மாலை வீட்டில் தம்பியின் தொடையில் இறுக்குக்கட்டு எப்படிச் சுற்றுவது என்று சும்மா ஒருமுறை, தடியைத் திருகி இறுக்காமல், எல்லோருக்கும் காட்டிக் கொடுப்பேன். பன்னிரண்டு வயது மருமகளுக்கு இப்போது கண்ணை மூடிக்கொண்டே கட்டத் தெரியும்.